19 ஆண்டுகள் உடனிருந்த அக்கா ஏன் இப்படிச் செய்கிறார்?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நீண்ட கடிதம் கிடைத்தது. உங்களையோ மற்றவர்களையோ யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் உங்கள் அப்பா தொடங்கிய முந்திரி ஆலையை, அவருக்கு உடல்நிலை தளர்ந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக நீங்கள் நடத்தி வருகிறீர்கள். சுமார் 60 பெண்கள் வேலை செய்கிறார்கள். தரம் பிரிக்கும் பகுதியை மேற்பார்க்கும் பெண்மணி ஐம்பது வயதைக் கடந்தவர். 19 ஆண்டுகளுக்கு முன் தோடு உடைக்கும் வேலைக்கு வந்து படிப்படியாக உயர்ந்தவர். நீங்கள் அவரை அக்கா என்று அழைக்கிறீர்கள். அவர் இன்றும் உங்களை ‘மக்கா’ என்றுதான் கூப்பிடுகிறார். கடந்த எட்டு மாதங்களாக ஆலையில் நான்கு கெடுதல்கள் நடக்கின்றன. சரக்கு வைக்கும் கிட்டங்கியில் முழுப்பருப்பின் எடை குறைகிறது. தோலெடுக்கும் பகுதியில் உடைசல், அதாவது உடைந்த பருப்பு, கூடியிருக்கிறது. ‘இங்கே பழைய சரக்கைக் கலக்கிறார்கள்’ என்ற குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றி, நாகர்கோவில் வியாபாரி ஒருவர் உங்களிடம் விளக்கம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த 23 வயதுப் பெண் சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள். அவர் பிரித்து வைத்த தட்டில் உடைசலைக் கலந்துவிடுகிறார்கள். ஐந்து நாட்களாக அவர் வேலைக்கு வரவில்லை. இந்த நான்குக்கும் பின்னால் அக்காதான் இருக்கிறார் என்று கிட்டங்கியைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் அண்ணன் மகன் சொல்கிறார். ஒருநாள் அவருடைய பையில் அரைக் கிலோ அளவுக்குப் பருப்பு இருந்ததைத் தானே பார்த்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

‘இது ஏதாவது மனநோயா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், எங்கள் உப்பைத் தின்றவர் இப்படிச் செய்யலாமா? போலீஸில் புகார் கொடுக்கவா, எல்லார் முன்னாலும் நிறுத்தி எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடவா, அல்லது கேமரா வைத்து வாசலில் எல்லாரையும் சோதனை போடவா?’ என்பவை உங்கள் கேள்விகள்.

அவற்றுக்குப் பதில் சொல்லுமுன், கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு பத்தியை எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது. பொறுப்பேற்ற பிறகு செய்த சீர்திருத்தங்கள் என்று சிலவற்றைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பழைய தராசை மாற்றி மின்னணுத் தராசு வைத்தீர்கள். 100 கிராமுக்குக் குறைந்த எடையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தீர்கள். அக்காவிடம் இருந்த கிட்டங்கிச் சாவியை வாங்கி அண்ணன் மகனிடம் கொடுத்தீர்கள். கிறிஸ்துமஸுக்கு அப்பா கொடுத்து வந்த பண போனஸுக்குப் பதிலாக அரிசிப் பையும் சேலையும் கொடுத்தீர்கள். முன்பணம் கொடுப்பதை நிறுத்தினீர்கள். மகளின் நர்சிங் படிப்புக்காக அக்கா கேட்டபோதும் மறுத்தீர்கள். இவை எல்லாவற்றையும் நோட்டீஸ் போர்டில் ஒரு தாளில் எழுதி ஒட்டினீர்கள். கடைசியாக, அந்த 23 வயதுப் பெண்ணைத் தனியே அழைத்து, ‘யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எனக்குச் சொல்’ என்றீர்கள். நீங்கள் தேடும் காரணங்களில் பெரும்பகுதி இந்தப் பத்தியில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். உங்களைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. உங்களால் மாற்றக்கூடியவையும் இதே பத்தியில்தான் இருக்கின்றன.

மனநோய் என்று பெயர் சூட்ட வேண்டாம்

கடிதத்தை வைத்து யாருக்கும் எந்த நோயும் சொல்ல முடியாது. சொல்வது முறையும் அல்ல. திருடுவதும் புறம்பேசுவதும் மனநோயின் அடையாளங்கள் என்ற எண்ணம், உண்மையிலேயே மனநோயால் துன்பப்படுகிறவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்வதில்லை.

பிறரை வளைத்துப் பயன்படுத்துவதையே இயல்பாகக் கொண்ட சிலர் பணியிடங்களில் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். தற்பெருமை, தந்திரம், பிறர் வலி உறைக்காத மனம் ஆகிய மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து அமைவதைப் பற்றி 2002-இல் பால்ஹஸ், வில்லியம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இத்துறையில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அத்தகைய இயல்பு ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று முளைப்பதில்லை. எந்த முதலாளி வந்தாலும், எந்த வேலைக்குப் போனாலும் அது கூடவே வரும். உங்கள் அக்காவோ, நீங்களே எழுதியபடி, சாவியைக் கையில் வைத்திருந்த ஆண்டுகளில் ஒரு பிடி பருப்பைக்கூடக் குறையவிட்டதில்லை. ஒருவரின் நடத்தை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு மாறியிருந்தால், அந்தக் காலத்தில் அவரைச் சுற்றி என்ன மாறியது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பிறர் செய்யும் தவறுக்கு அவர்களுடைய குணத்தைக் காரணமாக்குவதும், சூழ்நிலையின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதும் மனித மனத்தின் பொதுவான சறுக்கல். 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் இதை ஓர் அடிப்படைப் பிழை என்றே குறித்தார். முதலாளிகள் மட்டுமல்ல, தொழிலாளர்களும் இதே பிழையைச் செய்கிறார்கள். ‘தம்பி முதலாளிக்கு மனசே இல்லை’ என்று உங்கள் ஆலையில் இப்போது யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நான்கு கெடுதல்களுக்கும் ஒரே ஆள்தான் காரணமா?

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாக மறுக்க விரும்புவது இதைத்தான். பணியிடத்துக் கெடுதல்களை 1995-இல் ராபின்சன், பென்னட் என்ற இருவர் வகைப்படுத்தியபோது, இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள்: கெடுதல் நிறுவனத்தை நோக்கியதா, சக மனிதரை நோக்கியதா? சிறியதா, கடுமையானதா? வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதும், பொருளை எடுப்பதும், வதந்தி பரப்புவதும், ஒருவரை வதைப்பதும் இந்த வகைப்பாட்டில் வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. ஒன்றைச் செய்பவர் மற்றதையும் செய்வார் என்பதற்கில்லை.

உடைசலை எடுத்துக்கொள்ளுங்கள். அது சதியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பருப்பை உலர்த்தும் போர்மாவில் சூடு கூடிப் பருப்பு அதிகமாக உலர்ந்தால் நொறுங்கும். குறைவாக உலர்ந்தால் தோல் வராமல் கத்தி போட வேண்டியிருக்கும், அப்போதும் உடையும். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கொட்டை லாட்டுக்கு லாட் மாறுபடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இவற்றோடு உங்கள் தராசையும் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் 99 கிராம் வரை கூலியில்லாமல் போகிறது என்றால், அந்த இழப்பை ஈடுகட்ட ஒரு பெண்ணால் செய்யக்கூடியது ஒன்றுதான்: வேகத்தைக் கூட்டுவது. அவசரத்தில் எடுக்கும் பருப்பு உடையாமல் என்ன செய்யும்? சதி என்று நீங்கள் நினைப்பது உங்கள் கணக்கு முறையின் விளைவாகவே இருக்கக்கூடும். பழைய எடை முறைக்குச் சில வாரங்கள் திரும்பிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

கிட்டங்கியில் எடை குறைவது வேறு விஷயம். அங்கே சாவி இப்போது அக்காவிடம் இல்லை. பையில் பருப்பைப் பார்த்ததாகச் சொல்பவரும் சாவியை வைத்திருப்பவரும் ஒருவரே. அவரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. அவருடைய வாய்மொழியை மட்டும் வைத்து 19 ஆண்டு உழைத்த ஒருவர் மீது முடிவு எடுக்காதீர்கள் என்கிறேன்.

கூலியைக் குறைத்தது மட்டுமா காயம்?

அமெரிக்காவில் ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரே நிறுவனத்தின் தொழிற்சாலைகளில், ஒப்பந்தங்கள் கைவிட்டுப் போனதால், பத்து வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் குறைத்தார்கள். ஒரு தொழிற்சாலையில் தலைவரே வந்து, ஏன் இந்த நிலை, எவ்வளவு காலம், வேறு வழி ஏன் இல்லை என்று கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கும் பதில் சொன்னார். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதில் குறைப்பே இல்லை. குறைப்பு நடந்த இரண்டு இடங்களிலும் பொருட்கள் காணாமல் போவது கூடியது. ஆனால் காரணம் சொல்லாமல் குறைத்த இடத்தில் அது மிக அதிகமாகக் கூடியது. சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் திருட்டும் பழைய அளவுக்கு இறங்கியது.

குறைந்த தொகை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான். தங்களை மனிதர்களாக மதித்து யாரும் பேசவில்லை என்ற உணர்வுதான் அந்த இரண்டாம் இடத்தில் கூடுதலாக இருந்தது. உங்கள் நோட்டீஸ் போர்டுத் தாள் அந்தச் சுருக்கமான அறிவிப்பைப் போன்றது. விலை வீழ்ச்சியும் வங்கி வட்டியும் உங்களை எவ்வளவு நெருக்குகின்றன என்று எனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதை உங்கள் தொழிலாளர்களிடம் ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா?

அக்காவின் நிலையில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு இருக்கிறது. பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களை நேரில் கண்டு பேசிய டொனால்ட் கிரெஸ்ஸி என்ற குற்றவியலாளர், 1953-இல் எழுதியபோது, நம்பிக்கைக்குரிய ஒருவர் கைநீட்டும் இடத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்திருப்பதைச் சொன்னார்: பிறரிடம் சொல்ல முடியாத பணநெருக்கடி, எடுக்க வாய்ப்பு, ‘இது திருட்டில்லை’ என்று தன் மனத்துக்குத் தானே சொல்லிக்கொள்ள ஒரு நியாயம். நர்சிங் கல்லூரிக் கட்டணத்துக்காகக் குழுக்கடன் எடுத்து, வாரத் தவணைக்கு முன்னால் உறங்காமல் கிடக்கும் தாய்மார்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்! உங்கள் அப்பா காலத்தில் அக்கா தன் நெருக்கடியைச் சொல்ல ஓர் இடம் இருந்தது. முன்பணம் என்பது பணம் மட்டுமல்ல, அந்த இடமும்தான். நீங்கள் அதை மூடிய அன்று, சொல்லக்கூடியதாக இருந்த நெருக்கடி சொல்ல முடியாததாக மாறியது. நியாயமோ ஏற்கெனவே தயாராக இருந்தது: ‘நூறு கிராம் நூறு கிராமாக எங்களிடம் எடுத்தார்கள், நான் அரைக் கிலோ எடுத்தால் என்ன?’ இப்படிப்பட்ட மனச் சமாதானங்களை சைக்ஸ், மாட்சா என்ற இருவர் 1957-லேயே வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்: யாருக்கும் நட்டமில்லை, அவர்களுக்கு இது வேண்டியதுதான், அவர்கள் மட்டும் யோக்கியமா, என் பிள்ளைக்காகத்தானே. அக்கா எடுத்திருந்தால், இவற்றில் ஒன்றை மனத்தில் சொல்லிக்கொண்டுதான் எடுத்திருப்பார்.

உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்த 19 ஆண்டுகளில், உங்கள் குடும்பம் உண்ட சோற்றிலும் அவருடைய உப்பு இருக்கிறது. அந்தப் பழமொழியை அவரும் உங்களைப் பார்த்துச் சொல்ல முடியும்.

அந்த 23 வயதுப் பெண்ணுக்குத்தான் முதல் உதவி

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாவற்றையும் பொறுத்துப்போகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். பருப்பு குறைந்தால் பணம் நட்டம். ஒரு பெண்ணைச் சாப்பாட்டு வேளையில் தனியே விடுவதும் அவள் உழைப்பைத் தட்டிலேயே கெடுப்பதும் ஓர் உயிரை அறுக்கிற செயல். அதைச் செய்தவர்களுக்கு எந்த வருத்தம் இருந்தாலும் அது நியாயமாகாது. முதலாளி மேல் காட்ட முடியாத கோபம், காட்டக்கூடிய எளிய ஆளின் மேல் இறங்குவது எல்லாப் பணியிடங்களிலும் நடக்கிறது. அவரை நீங்கள் ஒற்று பார்க்கச் சொன்ன செய்தி வெளியே தெரிந்திருந்தால், அந்த எளிய ஆளை அவர்களுக்குக் காட்டிக்கொடுத்ததும் நீங்கள்தான்.

அதனால் முதல் வேலை இது. மரியாதைக்குரிய ஒரு மூத்த பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். ஒற்று வேலை இனி இல்லை என்று சொல்லுங்கள். வராத நாட்களுக்கான கூலியைக் கொடுங்கள். அவர் பிரித்த சரக்கை அவர் கண்முன்னே எடை போட்டுக் குறிக்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லார் முன்னிலையிலும், யாரையும் பெயர் சொல்லாமல், தட்டில் கலப்பது இனி ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம் என்று உங்கள் வாயால் அறிவியுங்கள். அவர் உறங்காமல், சாப்பிடாமல், சாவதைப் பற்றிப் பேசுகிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

காவல் நிலையம், எழுதி வாங்குவது, வாசல் சோதனை

நான் மனநல ஆலோசகர்; சட்டத்தில் கடைசி வார்த்தை உங்கள் வழக்கறிஞருடையது. ஆனாலும் நீங்கள் எடுக்க நினைக்கும் அடிகளில் உள்ள ஆபத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஊழியர் முதலாளியின் பொருளைத் திருடுவது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 306-ஆம் பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இன்று உங்களிடம் இருப்பது ஒருவரின் வாய்மொழி மட்டுமே. அதை வைத்து ஒரு பெண்ணைக் காவல் நிலையம் ஏற்றி, பிறகு அது நிற்காமல் போனால், மீதி 59 பேரின் மனத்தில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று யோசியுங்கள்.

அறையில் உட்காரவைத்து எழுதி வாங்குவதை அறவே விட்டுவிடுங்கள். ஒருவரை வெளியே போக விடாமல் அடைத்துவைப்பதே குற்றம். மிரட்டி வாங்கிய தாள் விசாரணையில் நிற்காது. வேலையிலிருந்து நீக்கத்தான் வேண்டும் என்றாலும், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் சொல்லக் காலம் தந்து, சார்பற்ற ஒருவரைக் கொண்டு விசாரணை நடத்திய பிறகே நீக்கலாம். விசாரிப்பவர் உங்கள் அண்ணன் மகனாக இருக்கக் கூடாது, அவர் சாட்சி. நீக்கிவிட்டால் பணிக்கொடை கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது அப்படியே சரியல்ல. ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் அது சேர வேண்டிய உரிமை. வேண்டுமென்றே நட்டம் விளைவித்ததற்காக நீக்கப்பட்டால், அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டுமே பிடிக்கலாம்; திருட்டு போன்ற ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கப்பட்டால்தான் முழுவதையோ ஒரு பகுதியையோ பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

உங்கள் பக்கத்திலும் சட்டம் கேட்கும் கேள்விகள் உண்டு. 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், தகுதியுள்ள தொழிலாளருக்கு ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸாகக் கொடுக்க வேண்டும். அரிசியும் சேலையும் அதற்கு ஈடாகாது. முந்திரித் தொழிலுக்குத் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. எடைக்கூலியும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. 100 கிராம் கணக்கை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

கேமராவைக் கிட்டங்கியிலும் எடை போடும் இடத்திலும் வைப்பதில் தவறில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வையுங்கள். வாசலில் பெண்களின் உடலைத் தொட்டுச் சோதிப்பதை நான் எதிர்க்கிறேன். ஒருவர் செய்திருக்கக்கூடிய தவறுக்காக 60 பேரை நாள்தோறும் அவமதித்தால், இதுவரை எடுக்காதவர்களுக்கும் நீங்களே ஒரு நியாயத்தைக் கொடுப்பீர்கள். பையைத் திறந்து காட்டும் ஒழுங்கு போதும். அதில் நீங்களும் உங்கள் அண்ணன் மகனும் சேர வேண்டும். கிட்டங்கிக்கு இரண்டு சாவி, இரண்டு கையொப்பம் என்று மாற்றுங்கள். அதில் ஒன்றை யாரிடம் தருவது என்பதை அக்காவோடு பேசிய பிறகு முடிவு செய்யலாம்.

அக்காவோடு எப்படிப் பேசுவது?

முதலில் எல்லாரையும் உட்காரவைத்து எடை, போனஸ் இரண்டையும் சரிசெய்துவிட்டதாகச் சொல்லுங்கள்; ஆலையின் கணக்கையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகு அக்காவைத் தனியே அழைத்துப் பேசுங்கள். கதவு திறந்திருக்கட்டும், அவர் விரும்பினால் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். குற்றச்சாட்டில் தொடங்க வேண்டாம். ‘சாவியை வாங்கியபோது உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அக்கா’ என்று தொடங்கினால், அவர் எட்டு மாதமாக அடக்கி வைத்திருப்பது வெளியே வரும். அது கசப்பாகவும் இருக்கும், இடைமறிக்காமல் கேளுங்கள். பிறகு உங்கள் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: சரக்கு குறைகிறது, குரல் பதிவால் ஆலையின் பெயர் கெடுகிறது, ஒரு பிள்ளை அழுதுகொண்டு வீட்டில் இருக்கிறாள், இவை நிற்க வேண்டும்.

அவர் ஒப்புக்கொண்டால், தொகையைத் தவணையில் திருப்பித் தரவும், அந்தப் பெண்ணிடம் நேரில் பேசவும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். சில மாதம் மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைப்பதும் நியாயமே. மறுத்தால், நம்புவதாகவும் சொல்ல வேண்டாம், நம்பாததாகவும் சொல்ல வேண்டாம். புதிய ஏற்பாடுகளோடு இரண்டு மூன்று மாதங்கள் கணக்கைப் பாருங்கள். அதன் பிறகும் எடை குறைந்து, ஆதாரமும் கிடைத்தால், அது அவராக இருந்தாலும் உங்கள் அண்ணன் மகனாக இருந்தாலும், முறையான விசாரணையைத் தொடங்கத் தயங்காதீர்கள். முன்பணத்தையும் பழையபடி வாய்ச்சொல்லாக விடாமல், ஒரு நோட்டில் எழுதி, எல்லாருக்கும் ஒரே வரம்போடு மீண்டும் கொடுக்கத் தொடங்குங்கள். கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதங்கள் எவை என்று அக்காவிடமே கேட்டு, முதல் பக்கத்தை அவருடைய கணக்கிலிருந்து தொடங்கலாம்.